எஸ்தருக்காக வாங்கிய மீன் கத்தி

எஸ்தர் வாய்க்குள் இரண்டு விரல்களை விட்டு அதை எடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மீன் முள். கண் இமை முடி அளவுக்குத்தான் இருந்தது. நுனி மட்டும் இரண்டாகப் பிரிந்திருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். சோற்றைக் குழைய வடித்து, ரசம் ஊற்றிப் பிசைந்து, நானே வெட்டி நானே வேகவைத்த கட்லா மீனை அதில் உதிர்த்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். "ஒரு முள்ளு கெடையாது. கண்ண மூடிக்கினு சாப்புடு" என்று வாய் கிழியப் பேசியும் இருந்தேன். இரண்டாவது கவளத்திலேயே என் லட்சணம் தெரிந்துவிட்டது.

அவள் திட்டவில்லை. முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். தட்டை என் பக்கமாக மெதுவாக நகர்த்தினாள்.

"மீன் வேணாங்க இனிமே," என்றாள். அப்போதெல்லாம் அவளுக்குக் குரல் கிடையாது. வெறும் காற்றுதான் வரும்.

அவள் என் மனைவி. நாற்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள். வார்டில் அவள் குரல் கேட்டால் ஹவுஸ் சர்ஜன் பையன்கள் செருப்புச் சத்தம் இல்லாமல் நடப்பார்களாம். வேறு ஒரு காலமாக இருந்தால் அந்த ஒரு முள்ளுக்கு நான் ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன். அவள் திட்டாததுதான் எனக்குப் பயம்.

இந்தத் தொடரில் இதுவரை தோலைப் பற்றியும், ஆம்பூர் ஷூ கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனைப் பற்றியும்தான் அளந்துகொண்டிருந்தேன். "இத்தனை வாரமாக எழுதுகிறீர்கள், வீட்டுக்காரம்மாவைப் பற்றி நாலு வரி எழுதக்கூடாதா?" என்று ராணிப்பேட்டை வாசகி ஒருவர் கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். அம்மணி, இந்த வாரம் முழுக்க அவள்தான்.

டியூப் பயம்

ரிட்டயர் ஆகி, பாகாயத்தில் எங்கள் வீட்டு வாசலில் அவள் வைத்த கருவேப்பிலைச் செடி ஆள் உயரத்துக்கு வந்தபோது, தொண்டையில் கட்டி என்றார்கள். ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்வார்களே, அந்தக் கதிர்வீச்சு சிகிச்சை. கட்டி கரைந்தது. கூடவே எச்சிலும் ருசியும் குரலும் போயின.

கோழிக்கறி பஞ்சு மாதிரி இருக்கிறது என்றாள். முட்டை வாசனையே ஆகவில்லை. கஞ்சியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது மீன் ஒன்றுதான். அதையும்தான் என் புண்ணியத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

புடவைக் கொசுவத்தில் இரண்டு மடிப்பு கூடிப்போயிருந்தது. டாக்டர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இப்படியே எடை குறைஞ்சா மூக்கு வழியா டியூப் போட வேண்டி வரும்." எத்தனையோ பேருக்குக் கை நடுங்காமல் டியூப் போட்டவள் எஸ்தர். அன்றைக்கு ஆட்டோவில் வரும்போது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மட்டும் வேணாங்க. அது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்," என்றாள்.

பெண் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். சனி ஞாயிறு வந்து அழுதுவிட்டுப் போவாள். மற்ற ஐந்து நாளும் சமையலறையில் நான்தான். சுடுதண்ணீர் வைத்தாலும் பாத்திரம் கருகும் ஆள் நான்.

கத்தியைப் பற்றி எனக்கா?

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கொழுப்பு ஜாஸ்தி. கத்தி. இருபது வயதிலிருந்து தோல் வெட்டியவன். கட்டிங் கத்தி விரல் நீளம்தான் இருக்கும், ஆனால் கல் மாதிரி நிற்கும். கொஞ்சம் வளைந்தால்கூடக் கோடு தப்பிவிடும், ஒரு முழுத் தோல் பாழாகும். 'வளையிற கத்தி வாழைப்பழம் வெட்டத்தான்' என்று புதுப் பையன்களிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

எஸ்தரை எனக்குத் தெரிய வந்ததும் கத்தியால்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கட்டை விரலைப் பிளந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்டது ஓர் ஒல்லியான நர்ஸ். "கத்தி புடிக்கத் தெரியாத ஆள யாரு கட்டிங்ல போட்டது?" என்று கேட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தையல் பிரித்த பிறகும், காயம் ஆறிய பிறகும், "இன்னும் வலிக்குது சிஸ்டர்" என்று நாலு வாரம் போனேன். ஐந்தாவது வாரம் அவளே, "வலி எங்க, விரல்லயா?" என்றாள். இன்றைக்கும் கிண்டல் செய்ய வேண்டுமென்றால் அவளை நான் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவேன்.

சரி, கதைக்கு வருகிறேன். முள் மாட்டிய மறுநாள் லாங் பஜாருக்குப் போனேன். கோட்டைப் பக்கத்திலிருந்து உள்ளே நுழைந்தால் தள்ளுவண்டிக்கும் டூ வீலருக்கும் நடுவில் உடம்பைச் சுருக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். இரும்புச் சாமான் கடை பாய் எனக்குப் பழக்கம். கம்பெனிக்கு உளி, குறடு எல்லாம் அவர் அப்பா காலத்திலிருந்து அங்கேதான்.

"பாய், மீன்ல முள்ளு இல்லாம சதையை மட்டும் எடுக்கணும். ஒரு கத்தி குடு."

அவர் ஒரு கத்தியை எடுத்து வைத்தார். ஒரு சாண் நீளம். ஒல்லி. நுனி கூராக மேல் நோக்கி ஏறியிருந்தது. நான் நுனியைப் பலகையில் அழுத்தினேன். வில் மாதிரி வளைந்தது.

"இன்னா பாய் இது, கோரைப் புல்லு மாதிரி வளையுது? யாருகிட்ட தள்றே இத?"

"வளையணும் சார். அப்பத்தான் முள்ளு மேல ஒட்டிக்கினு போவும்."

"கத்திய பத்தி எனக்கே சொல்றியா?"

பாய் அந்த ஒல்லிக் கத்தியை உள்ளே வைத்தார். நான் காட்டிய வேறு கத்தியை எடுத்துக் கொடுத்தார். தடித்தது, வளையாதது, அகலமானது. வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன். வந்த கையோடு அதை எங்கள் தோல் சீவும் கத்தியைத் தீட்டுகிற மாதிரி ஒரு பக்கம் மட்டும் சரிவாக, மறுபக்கம் தட்டையாகத் தீட்டினேன். தோலில் அப்படித்தான் செய்வோம். முடியை நறுக்கும் கூர்.

மீனில் வைத்தேன். கத்தி என் பேச்சைக் கேட்கவே இல்லை. ஒரு பக்கச் சரிவு அதைச் சதைக்குள் இழுத்துக்கொண்டு போனது. முள்ளில் பாதிச் சதை, கத்தியில் பாதிச் சதை. மிச்சமிருந்ததை அள்ளிப் பார்த்தால் கஞ்சிக்குக்கூட ஆகாது. பின்பக்கத்து வீட்டுப் பூனைக்கு அன்றைக்கு நல்ல விருந்து.

செல்வி சிரித்தது

மீன் மார்க்கெட்டில் செல்வியிடம்தான் நான் மீன் வாங்குவது. முப்பத்தைந்து வயது இருக்கும். பெரிய அரிவாள்மனையில் உட்கார்ந்தாள் என்றால் ஒரு வஞ்சிரத்தை நாம் பையைப் பிரிப்பதற்குள் துண்டு போட்டுவிடுவாள். அவளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கட்லாவுல முள்ளு எடுக்கப் போனீங்களா? அய்யோ சார்! அது சதைக்குள்ளாறயே முள்ள பதுக்கி வெச்சிக்கினு இருக்கும். ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது."

"பெரிய மீன்ல முள்ளு கம்மின்னு நெனச்சேன் செல்வி."

"யாருக்கு சார்?"

சொன்னேன். சிரிப்பு நின்றது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்காவுக்கா? எங்கம்மா வார்டுல கெடந்தப்போ அவங்கதான் பாத்துக்கினாங்க. மொதல்லயே சொல்றதில்ல?"

கூடையிலிருந்து ஒரு கொடுவாவை எடுத்தாள். செவுளைத் தூக்கிக் காட்டினாள். ரத்தச் சிவப்பாக இருந்தது. "கொடுவா எடுங்க, இல்ல விரால் எடுங்க. முள்ளு ஒரே வரிசையா நிக்கும். போய் அந்த வளையிற கத்திய வாங்கிக்கினு வாங்க. நான் காட்டறேன்."

மறுபடியும் லாங் பஜார். பாய் என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் அந்த ஒல்லிக் கத்தியை எடுத்து வைத்தார். "பேஜார் பண்ணாத பாய், கட்டிக் குடு" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். சிரிக்கட்டும், அவர் உரிமை.

அதோடு நான் கற்றுக்கொண்ட பாடத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். மீன் சதை எடுக்கும் கத்தி ஒல்லியாக, உங்கள் கை அளவுக்குக் கொஞ்சம் கூடுதல் நீளமாக இருக்க வேண்டும். நுனியை அழுத்தினால் வளைய வேண்டும், விட்டால் நேராக வேண்டும். பிடி ஈரக் கையில் வழுக்கக்கூடாது. பளபளப்பான மரப் பிடியைப் பார்த்து மயங்க வேண்டாம். அதை வைத்து எலும்பை வெட்டக் கூடாது. தலையை வெட்டுவதற்கு வேறு கத்தி.

செல்வி காட்டினாள். செவுளுக்குப் பின்னால் நடு எலும்பு தட்டுப்படும்வரை ஒரு வெட்டு. பிறகு கத்தியைப் படுக்க வைத்து வாலை நோக்கி ஒரே இழுப்பு. அழுத்தக் கூடாது. எலும்பின் மேல் கத்தி உரசும்போது 'டிக் டிக்' என்று கையில் தெரியும். அந்தச் சத்தம் இருக்கும்வரை சதை வீணாகவில்லை என்று அர்த்தம். கத்தி வளைந்து வளைந்து எலும்பின் மேட்டிலும் பள்ளத்திலும் இறங்கிப் போனது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக வளைகிற கத்திக்கு மரியாதை வந்தது.

பிறகு, வீட்டுக்கு வந்து விரல் வேலை. அங்கேதான் என் பழைய தொழில் கை கொடுத்தது. தோலில் கீறல் இருக்கிறதா என்று நாங்கள் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் விரலால் பார்ப்போம். சதைத் துண்டின் மேல் வாலிலிருந்து தலைப்பக்கம் விரலை ஓட்டினால், ஒளிந்திருக்கும் முள் ஒவ்வொன்றும் குத்தியது. எடுக்கத்தான் தெரியவில்லை. ஆணி பிடுங்கும் குறடை வைத்து இழுத்தேன், சதையும் சேர்ந்து வந்தது.

கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எஸ்தர் கையால் சைகை காட்டினாள். பீரோவின் கீழ்த் தட்டு. அவளுடைய பழைய நர்ஸ் பெட்டி. அதற்குள் ஒரு ஃபோர்செப்ஸ், மெல்லிய இடுக்கி. கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு முள்ளும் தலைப்பக்கம் சாய்த்து இழுத்தால் சத்தமில்லாமல் வந்தது.

அன்றைக்குத் தட்டை அவள் முன்னால் வைத்தேன். வாயைத் திறக்கவில்லை நான், பட்ட அவமானம் போதும். அவள் ஸ்பூனைத் தொடவில்லை. சதையை விரலால் உதிர்த்து, அமுக்கி, தேய்த்து, ஒவ்வொரு இழையாகப் பார்த்தாள். சோறு ஆறிப் போனது. பிறகு ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். இன்னொரு வாய். பாதித் தட்டு காலியானது.

நான் எழுந்து பின்பக்கம் போய் ஏதோ துணி காயப்போடுகிற மாதிரி நின்றேன். காயப்போடத் துணியே இல்லை. அழுதேன், வேறென்ன.

உறை

இப்போது என் பெரிய முட்டாள்தனத்துக்கு வருகிறேன். இதை எங்கள் பக்கத்து ஆள் ஒருவன்தான் செய்ய முடியும்.

கத்தி வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். எஸ்தர் தினமும் மீன் சாப்பிட்டாள். டாக்டர் டியூப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு அந்தக் கத்தி மேல் அவ்வளவு பாசம். இந்த ஊரில் ஒரு பொருள் மேல் பாசம் வந்தால் என்ன செய்வோம்? தோலில் ஏதாவது தைத்து மாட்டுவோம். செல்போனுக்கு, கண்ணாடிக்கு, சாவிக்கு, எல்லாவற்றுக்கும் தைத்தவன் நான். கத்தியை விடுவேனா?

மரப்பட்டை போட்டுப் பதப்படுத்திய நல்ல தோல் ஒரு துண்டு பத்திரமாக வைத்திருந்தேன். மூன்று நாள் உட்கார்ந்து கையால் தைத்தேன். ஓரத்தில் இரட்டைத் தையல். மூடுவதற்குப் பித்தளைப் பொத்தான். எஸ்தரிடம் காட்டினேன். தடவிப் பார்த்துத் தலையாட்டினாள். கத்தியைக் கழுவி, வேட்டி ஓரத்தில் ஒரு துடைப்புத் துடைத்து, உறைக்குள் செருகி ஆணியில் மாட்டினேன். நடுவில் பெண் வந்து இரண்டு மூன்று நாள் சமைத்தாள், கத்திக்கு வேலையில்லை.

பெண் பெங்களூருக்குத் திரும்பிய அன்று காலையில் எஸ்தர் தானாகவே, "இன்னிக்கு மீன் இருக்குதா?" என்று காற்றுக் குரலில் கேட்டாள். தானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. பறந்து போய் விரால் வாங்கி வந்தேன். பொத்தானைத் திறந்து கத்தியை உருவினேன்.

முழுக்கத் துரு. கூர் விளிம்பு முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். பிடி பக்கம் கறுப்பாகத் தடம். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். மீனின் உப்பும் அதில் ஏறும். தோலுக்குள் அடித்த ஆணி துருப்பிடித்ததை நான் ஆயிரம் செருப்பில் பார்த்திருக்கிறேன். தெரிந்தே மறந்தேன்.

சத்தம் போடாமல் கல்லில் தேய்த்துச் சரிக்கட்டப் பார்த்தேன். தேய்க்கும் சத்தம் கேட்டு எஸ்தர் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசல்வரை வந்துவிட்டாள். கத்தியைப் பார்த்தாள். உறையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அறிவு இருக்குதா உங்களுக்கு?"

கணீர் என்று வந்தது. காற்று இல்லை, குரல். கொஞ்சம் கரகரப்பு, ஆனால் வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்கும் அந்தக் குரல்.

"ஈரத்தோட கொண்டுபோய் மூடி வெப்பாங்களா? எந்த ஊர்ல பாத்தீங்க? இந்தத் துருவுல அறுத்து எனக்கே குடுக்கலாம்னு இருந்தீங்களா? என் ஆபரேஷன் தியேட்டர்ல இந்த மாதிரி ஒரு கத்தி இருந்துச்சுன்னா அந்த நர்ஸ் புள்ளைய வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்!"

நான் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். "இன்னும் திட்டு எஸ்தர்," என்றேன்.

"இன்னாது?"

"திட்டு சிஸ்டர். நிறுத்தாத."

அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. தொண்டையில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கத்தியைப் பராமரிப்பது எப்படி என்று எனக்கு வகுப்பு எடுத்தாள். வேலை முடிந்த நிமிஷமே கழுவ வேண்டும், தொட்டியில் ஊறப் போடக் கூடாது. துடைக்கும்போது முதுகுப் பக்கமிருந்து கூர்ப் பக்கம். சுத்தமான பருத்தித் துணியில் இரண்டு தடவை. விசிறிக்குக் கீழே காற்றாட வைத்து, பிறகு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, திறந்த பலகையில் வைக்க வேண்டும். எந்தக் காரணம் கொண்டும் மூடக் கூடாது.

தீட்டுவதை மட்டும் என் பொறுப்பில் விட்டாள். துருவை நைசான கல்லில் எடுத்தேன். இந்தத் தடவை இரண்டு பக்கமும் சமமாக, தாழ்ந்த சாய்வில். உறையைப் பிரித்து, அந்தத் தோலை ஒரு பலகையில் ஒட்டினேன். கல்லில் தீட்டிய பிறகு அதன் சொரசொரப்பான பக்கத்தில் கத்தியைப் பத்து இழுப்பு இழுத்தால் கூர் படிந்து நிற்கிறது. மூடி வைப்பதற்குத்தான் தோல் ஆகாது.

சங்கரா

போன மழைக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிறு. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தோம். புடவையை மாற்றிக்கொண்டே எஸ்தர் சொன்னாள்:

"சங்கரா வாங்கிக்கினு வாங்க. கொழம்பு வெக்கணும்."

"சங்கராவுல சதை எடுக்கறது கஷ்டம். கொடுவா வாங்கறேன்."

"சதை எடுக்க வேணாம். முழுசா. முள்ளோட."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "பைத்தியமா உனக்கு? மாசக்கணக்கா ஒவ்வொரு முள்ளா புடுங்கினது எதுக்கு? மாட்டிச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கத்தினேன்.

அவள் திருப்பிக் கத்தவில்லை. "எவ்ளோ நாளைக்குங்க நான் பேஷண்ட்டாவே இருக்கறது?" என்று கேட்டாள்.

பையை எடுத்துக்கொண்டு போனேன். செல்வி என்னைப் பார்த்ததும் கொடுவா பக்கம் கையைக் கொண்டுபோனாள். "இல்ல, சங்கரா. கொழம்புக்கு," என்றேன். "அக்காவா கேட்டாங்க?" என்றாள். தலையாட்டினேன். ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்துப் பொறுக்கி எடுத்தாள்.

எஸ்தர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே குழம்பு வைத்தாள். காரம் குறைவு, புளி குறைவு. சாப்பிட உட்கார்ந்தோம். நான் வெறுஞ்சோற்றை உருட்டி இடது கையில் வைத்துக்கொண்டேன். முள் மாட்டினால் விழுங்கக் கொடுப்பதற்கு. பக்கத்தில் இரண்டு வாழைப்பழமும் உரித்து வைத்திருந்தேன்.

"இன்னாது அது கையில?"

"சும்மா."

"நாப்பது வருஷம் நர்ஸு நானு. எனக்கே சோத்து உருண்டையில ஃபர்ஸ்ட் எயிடா?"

விரல் நுனியால் மீனை அமுக்கினாள். சதை தனியாக, முள் தனியாக. ஒரு விள்ளல் வாயில் வைத்தாள். மென்றாள். தட்டின் ஓரத்தில் ஒரு முள் வந்து உட்கார்ந்தது. அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி இறங்கியது. எனக்கும் சேர்ந்து ஏறி இறங்கியது. அடுத்த விள்ளல், அடுத்த முள்.

நடுவில் ஒரு தடவை மெல்வதை நிறுத்தினாள். வாய்க்குள் விரல் போனது. நான் நாற்காலி சாய எழுந்துவிட்டேன். அவள் நிதானமாக ஒரு முள்ளை எடுத்து மற்றதோடு வைத்தாள். "உக்காருங்க," என்றாள்.

முழு மீனும் முடிந்தது. தலையையும் விடவில்லை, உறிஞ்சிவிட்டுத்தான் வைத்தாள். எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தவள் என் தட்டைப் பார்த்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது. குழம்பு ஏடு படிந்துவிட்டது. இடது கையில் சோற்று உருண்டை நசுங்கி விரல் இடுக்கில் பிதுங்கிக்கொண்டிருந்தது.

நாற்காலியை என் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இத்தினி மாசமா நான் சாப்புடறதையே பாத்துக்கினு இருந்தீங்க," என்றாள். "இப்ப நீங்க சாப்புடுங்க. நான் பாக்கறேன்."

மீனைப் பிட்டேன். கண் நிறைந்துவிட்டதில் தட்டில் எது சதை, எது முள் என்றே எனக்குத் தெரியவில்லை.

"பாத்துங்க," என்றாள். "முள்ளு."